தர்மபுரியிலிருந்து கொச்சிக்கு: பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இருக்க

முதல் தடவை நாங்கள் கொச்சிக்குப் போனது ஒரு ஜனவரி மாதம். வியாழக்கிழமை ரயிலேறினோம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சுற்றிவிட்டு, திங்கட்கிழமை திரும்பலாம் என்று கணக்கு. வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனோம், பூட்டு. சனிக்கிழமை அதே தெருக்கோடியில் இருக்கும் யூதர்களின் ஜெப ஆலயத்துக்குப் போனோம், அங்கும் பூட்டு. ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போனால் உள்ளே ஆராதனை. "பூட்டைப் பார்க்கவாடா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்த, நம்மூர்ல இல்லாத பூட்டா?" என்று அம்மா கேட்டதை இன்னும் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இரண்டாவது தடவை ஒழுங்காகப் போய்வந்தோம். நடுவில் பட்ட பாட்டையெல்லாம் சேர்த்து, கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். வாஸ்கோ ட காமா எப்போது வந்தார் என்ற கதையெல்லாம் இதில் கிடையாது. அது எங்கும் கிடைக்கும்.

1. முதலில் கிழமை, அப்புறம்தான் டிக்கெட்

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு (ஊரில் டச்சு அரண்மனை என்பார்கள்) வெள்ளிக்கிழமை விடுமுறை. பரதேசி ஜெப ஆலயத்துக்கு (மேலே சொன்ன யூதர்களின் ஆலயம்தான்) சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் விடுமுறை, வெள்ளிக்கிழமை பிற்பகலிலும் நம்பிப் போக முடியாது. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடக்கும். திருப்பூணித்துறை ஹில் பேலஸ் பார்க்க ஆசையிருந்தால், அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. மிச்சம் என்ன? செவ்வாய், புதன், வியாழன். வார இறுதி என்று நாம் நினைத்து வைத்திருக்கும் நாட்கள்தான் கொச்சிக்கு ஆகாத நாட்கள்.

திங்கட்கிழமை கிளம்பி, செவ்வாய், புதன் முழுதாகப் பார்த்து, வியாழன் காலை திரும்புவது எங்களுக்குச் சரியாக வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறதே என்பீர்கள். காலாண்டு விடுமுறையில் போங்கள். தென்மேற்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்து வரும், ஆனாலும் குடை கட்டாயம் வேண்டும். அரையாண்டு விடுமுறை வேண்டாம். டிசம்பர் கடைசி வாரம் கார்னிவல் நடக்கும், 31-ஆம் தேதி இரவு பப்பாஞ்ஞி என்ற பெரிய பொம்மையை எரிப்பார்கள், ஃபோர்ட் கொச்சித் தெருக்களில் கால் வைக்க இடமிருக்காது, அறை வாடகையும் ஏறிப்போயிருக்கும். மே மாதம் போனால் வியர்வையில் நனைந்தே திரும்புவீர்கள்.

காலாண்டு விடுமுறையில் ஒரு சிக்கல் உண்டு. அது புரட்டாசி. எங்கள் வீட்டில் அம்மாவும் மனைவியும் அந்த மாதம் கவுச்சி தொடமாட்டார்கள். கடலோரம் போய் மீன் சாப்பிடாமல் திரும்பிய குடும்பம் என்ற பெயர் எங்களுக்கு உண்டு. உங்கள் வீட்டு வழக்கத்தையும் பார்த்துத் தேதி குறியுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கேரளச் செய்தியில் 'ஹர்த்தால்' என்ற சொல் காதில் விழுகிறதா என்று கவனியுங்கள். அன்றைக்கு ஆட்டோ ஓடாது, கடை திறக்காது.

2. ரயில் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டிய தாள்களும்

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது, அது நமக்குப் பழகிப்போன வருத்தம். ஓசூருக்கோ தர்மபுரிக்கோ போய்த்தான் ஏற வேண்டும். பெங்களூரு – எறணாகுளம் இன்டர்சிட்டி (வண்டி எண் 12677) இரண்டிலும் நிற்கும். தர்மபுரிக்குக் காலையில் வரும், சேலம், ஈரோடு, கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாக மாலை 5 மணி வாக்கில் எறணாகுளம் சேரும். வண்டி மாற வேண்டியதில்லை. அம்மா மாதிரி மூட்டு வலிக்காரர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். பகல் வண்டி என்பதால் உட்கார்ந்து போகும் பெட்டிகள்தான். சாதாரண இருக்கைக்கு எங்களுக்கு ஆளுக்கு 200 ரூபாய்க்குள் முடிந்தது. ஏசி இருக்கை அதைப்போல மூன்று நான்கு மடங்கு. எட்டு மணி நேரப் பயணம், ஆனால் கோவை தாண்டியதும் காற்று குளிர்ந்துவிடுகிறது, ஏசி தேவைப்படவில்லை.

இங்கே மூன்று இடங்களில் சறுக்குவார்கள்.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றால் அது தானாக ரத்தாகிவிடும், பணம் திரும்ப வரும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது. 'ஏறிவிட்டு டிடிஆரிடம் பேசிக்கொள்ளலாம்' என்பது பழைய காலம்.

கடைசி நேரத்தில் தட்கல் எடுக்கலாம் என்று இருந்தால், 2025 ஜூலையிலிருந்து ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். அதை முதல் நாளே செய்து வையுங்கள். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்றதற்கு 11 மணிக்கும் திறக்கும். 11 மணிக்கு உட்கார்ந்துகொண்டு ஓடிபிக்குக் காத்திருந்தால் 11.05-க்கு இடம் போயிருக்கும்.

மூன்றாவது, வயது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020-லேயே நின்றுபோய்விட்டது. ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்கு இருக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இதைத் தெரியாமல் கவுன்டரில் வாதாடி வரிசையில் நின்றவர்களிடம் திட்டு வாங்கியவன் நான்.

பெரியவர்கள் எல்லோருடைய ஆதார் அட்டையும் அசலாக இருக்கட்டும். ரயிலில் ஒருவருடையது போதும், தங்குமிடத்தில் ஒவ்வொருவருடையதையும் கேட்பார்கள். இரண்டு செட் ஜெராக்ஸ் நம்மூரிலேயே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு ஃபோர்ட் கொச்சியில் ஜெராக்ஸ் கடை தேடி அலைந்த அனுபவம் எனக்கு ஒருமுறை போதும்.

தர்மபுரியில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடம்தான். உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே விசாரித்து அந்த இடத்தில் போய் நில்லுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம், பேருந்து நிலையத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோ, இரண்டையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

3. தங்குவது எறணாகுளத்திலா, ஃபோர்ட் கொச்சியிலா?

கொச்சி என்று நாம் சொல்வது ஒரே ஊர் இல்லை. ரயில் போய் நிற்கும் எறணாகுளம் கடைகளும் கட்டடங்களுமாக இருக்கும் நகரம். நாம் பார்க்கப் போகும் பழைய துறைமுகப் பகுதி, அதாவது ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும், காயலுக்கு (கடலோடு சேர்ந்த உப்பங்கழி) அந்தப் பக்கம். எறணாகுளத்தில் அறை மலிவு என்று போட்டால் தினமும் போக வர நேரம் போகும். முதல் தடவை அப்படித்தான் செய்தோம். இரண்டாம் தடவை ஃபோர்ட் கொச்சியில் ஒரு வீட்டு மாடியில் தங்கினோம். நான்கு பேருக்கு ஒரு அறை, ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். வீட்டுக்காரம்மாவே காலையில் புட்டும் கடலையும் செய்து கொடுத்தார். அம்மாவுக்கு அவரோடு பேச மொழி தேவைப்படவே இல்லை.

முன்பணம் கேட்டால் ஒரு நாள் வாடகைக்கு மேல் அனுப்பாதீர்கள். குளியலறை அறையோடு சேர்ந்ததா, எத்தனை மாடி ஏற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் மரப்படி செங்குத்தாக இருக்கும்.

4. காயலைக் கடப்பது

இறங்க வேண்டியது எறணாகுளம் ஜங்ஷன். சவுத் என்றும் சொல்வார்கள். டவுன் அல்லது நார்த் என்பது வேறு நிலையம். வெளியே வந்ததும் ஆட்டோக்காரரிடம் "போட் ஜெட்டி" என்றால் போதும். கேரளத்தில் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய், அதிலேயே ஒன்றரைக் கிலோமீட்டர் போகலாம். மீட்டர் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் போடுவார்கள்.

ஜெட்டியிலிருந்து அரசுப் படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. டிக்கெட் 10 ரூபாய்கூட ஆகாது, இருபது நிமிடப் பயணம். இதே காயலை மெரைன் டிரைவில் 'போட்டிங், போட்டிங்' என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவர்கள் பல மடங்கு விலைக்குக் காட்டுவார்கள். அது சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் படகு. ஊருக்குப் போகும் படகு என்று நினைத்துப் பெட்டியோடு ஏறிவிடாதீர்கள்.

வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவை புதிது, 2023-இல் தொடங்கியது. ஏசி, கண்ணாடி ஜன்னல், சுத்தம். ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு 40 ரூபாய். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். விடுமுறை நாள் மாலையில் வரிசை தெரு வரைக்கும் நிற்கும். என் யோசனை: பெட்டியோடு போகும்போது அரசுப் படகு, வெறுங்கையோடு ஒருநாள் வாட்டர் மெட்ரோ. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எந்தப் படகையும் நம்ப வேண்டாம்.

5. பார்ப்பது: காலையில் ஃபோர்ட் கொச்சி, அப்புறம் மட்டாஞ்சேரி

ஃபோர்ட் கொச்சிக்குள் ஆட்டோவே வேண்டாம், எல்லாம் நடக்கும் தூரம். காலை ஆறரைக்கே கிளம்பி சீன வலைகளுக்குப் போய்விடுங்கள். பெரிய மரச் சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் வந்து உட்கார, வலை தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே எழும்பும். நாங்கள் பார்த்த முறை வலையில் முக்கால்வாசி ஆகாயத்தாமரை. அதை விலக்கிப் பார்த்தால் கை நிறையப் பொடிமீன், அவ்வளவுதான். அதற்காகக் காத்திருந்த இரண்டு கொக்குகளுக்குத்தான் அதில் பாதி.

வலைக்காரர்கள் சிரித்த முகமாகக் கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுப்பார்கள். இழுத்து முடித்ததும் காசு கேட்பார்கள். கொடுப்பதில் தப்பில்லை, உழைக்கிற மனிதர்கள். ஆனால் எவ்வளவு என்று கயிற்றைத் தொடும் முன்பே பேசிவிடுங்கள்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் புனித பிரான்சிஸ் தேவாலயம், அதற்குக் கொஞ்சம் தள்ளி சாந்தா குரூஸ் பேராலயம். முதலாவதில் வாஸ்கோ ட காமாவை 1524-இல் புதைத்த இடத்தில் கல் இருக்கிறது, எலும்பை அப்புறம் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் மகள் அந்தக் கல்லைவிட, கூரையிலிருந்து தொங்கும் துணி விசிறிகளைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து ஆள் கயிறு இழுக்க உள்ளே விசிறி ஆடுமாம்.

மட்டாஞ்சேரிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர். இங்கேதான் பெரிய பொறி. "50 ரூபாய்க்கு எல்லா இடமும் காட்டுறேன் சார்" என்று தமிழிலேயே ஒருவர் வருவார். அவர் காட்டும் எல்லா இடத்திலும் ஒரு பெரிய கைவினைக் கடை இருக்கும். நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கூட்டிப்போனதற்கு அவருக்கு அங்கே ஏதாவது கிடைக்கும். நாங்கள் முதல் தடவை மூன்று கடைகளில் ஒரு மணி நேரம் கம்பளம் பார்த்தோம். "நேரே பேலஸ், நடுவில் எங்கும் நிறுத்த வேண்டாம் சேட்டா" என்று ஏறும்போதே சொல்லுங்கள்.

அரண்மனைக்கு நுழைவுக் கட்டணம் சொற்பம். ராமாயணச் சுவரோவியம் இருக்கும் அறைக்கு நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து நடந்தால் ஜெப ஆலயம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மூடியிருக்கும், அதனால் பதினோரு மணிக்குள் உள்ளே போய்விடுவது நல்லது. செருப்பைக் கழற்ற வேண்டும், தோளும் காலும் மூடிய உடை வேண்டும். அரைக்கால் சட்டையில் போன என் மைத்துனன் வாசலோடு நின்றான். உள்ளே தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள், கையால் வரைந்தவை, ஒன்றைப்போல ஒன்று இருக்காது என்கிறார்கள். மகள் ஜோடி தேடிக்கொண்டு கால்மணி நேரம் குனிந்தபடியே நடந்தாள். கிடைக்கவில்லை.

மாலையில் கதகளி பார்ப்பதாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் ஆறு மணிக்குப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவார்கள், மேடையிலேயே ஒப்பனை போடுவார்கள். எனக்கு ஆட்டத்தைவிட அதுதான் பிடித்தது.

6. சாப்பாடு

முதலில் சில சொற்கள். 'வெள்ளம்' என்றால் தண்ணீர், பயப்பட வேண்டாம். 'ஊண்' என்றால் மதியச் சாப்பாடு. 'சாயா' என்றால் பால் டீ, 'கட்டஞ்சாயா' என்றால் பால் இல்லாதது. 'கறி' என்றால் குழம்பு. இந்தக் கடைசிச் சொல்தான் எங்களைப் படுத்தியது. "கடலைக் கறி" என்று கடைக்காரர் சொன்னதும் அம்மா இலையை மூடிவிட்டார். புரட்டாசி மாதம், கறி என்கிறானே! அது கொண்டைக்கடலைக் குழம்பு என்று புரியவைப்பதற்குள் புட்டு ஆறிவிட்டது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறிக்கெல்லாம் அங்கே 'இறைச்சி' என்பார்கள். போத்து, பீஃப் என்று எழுதியிருந்தால் எருமை அல்லது மாடு. சாப்பிடாதவர்கள் அந்த இரண்டு சொற்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக ஒரு ஜக்கு தண்ணீர் வரும். கழுவாத பாத்திரம் என்று நினைத்து அம்மா திருப்பி அனுப்பப் பார்த்தார். பதிமுகம் மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த நீர் அது, வயிற்றுக்கு நல்லது என்பார்கள். சோறு மட்டை அரிசி, தடித்துச் சிவந்து இருக்கும். களி சாப்பிட்டுப் பழகிய நமக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனாலும் பிள்ளைகள் முகம் சுளித்தால் வெள்ளைச் சோறு கேளுங்கள், பல கடைகளில் இருக்கும்.

சைவக்காரர்களுக்கு டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிதான் சொர்க்கம். ஏத்தப்பழத்தை (நம் நேந்திரம்பழம்) நீளவாக்கில் சீவி மாவில் தோய்த்துப் பொரிக்கும் பழம்பொரி, பாசிப்பயறும் வெல்லமும் வைத்த சுகியன், உள்ளிவடை, பருப்புவடை. மாலை நான்கு மணிக்குப் போனால் எண்ணெயிலிருந்து நேரே தட்டுக்கு வரும், காலையில் போட்டது ஈரமாகிக் கிடக்கும். அதே சட்டியில் கட்லெட்டும் பொரிக்கிறார்களா என்று விரதக்காரர்கள் கேட்டுக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மட்டாஞ்சேரியில் குஜராத்தித் தெரு என்று ஒன்று இருக்கிறது. அங்கே சைவ இனிப்பும் காரமும் கிடைக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் இரண்டு நாளும் அங்கே பிழைத்தார்கள்.

கடற்கரை நடைபாதையில் இரண்டு சாமான்களை விட்டுவிடாதீர்கள். ஒன்று குலுக்கி சர்பத். எலுமிச்சை, சர்க்கரை, ஊறவைத்த சப்ஜா விதை, கீறின பச்சைமிளகாய் எல்லாவற்றையும் தம்ளரில் போட்டு, மேலே இன்னொரு தம்ளரைக் கவிழ்த்து, தலைக்கு மேல் தூக்கிச் சலங்கை மாதிரிக் குலுக்குவார்கள். காரம் கடைசி வாயில்தான் தெரியும். இன்னொன்று உப்பிலிட்டது. பெரிய கண்ணாடி ஜாடியில் நெல்லி, அன்னாசி, மாங்காய் எல்லாம் உப்புநீரில் மிதக்கும். மாங்காய் ஊர்க்காரன் என்ற திமிரில் அலட்சியமாக ஒரு துண்டு வாங்கினேன். இரண்டாவது துண்டுக்கு நானே நீட்டினேன்.

கவுச்சி சாப்பிடுகிறவர்களுக்கு: மட்டாஞ்சேரியில் கயீஸ் கடையின் மட்டன் பிரியாணி. நம் சீரகச் சம்பா போலவே பொடி அரிசி, அங்கே கைமா என்கிறார்கள், ஆனால் காரம் குறைவு. மதியத்துக்குள் போங்கள், தாமதித்தால் தீர்ந்துவிடும். சாப்பிட்டதும் சுலைமானி குடியுங்கள், எலுமிச்சை பிழிந்த கட்டஞ்சாயாதான்.

இனி மீன். சீன வலைகளுக்குப் பக்கத்தில் பலகையில் மீனும் இறாலும் பரப்பி வைத்திருப்பார்கள். வாங்கி, பக்கத்துக் கடையில் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். முதல் தடவை ஆசையோடு ஒரு மீனைக் காட்டி "எவ்வளவு?" என்றேன். 600 என்றார். மீனின் விலை என்று நினைத்தேன், அவர் சொன்னது கிலோ விலை. மீன் ஒன்றரைக் கிலோ. நிறுத்தது சுத்தம் செய்யும் முன்பு. சமையல் கூலி தனி. பரோட்டா தனி. 600 என்று நினைத்து உட்கார்ந்தவன் 1,700 கொடுத்து எழுந்தேன். ருசியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிலோவா முழு மீனா, சமையல் கூலி எவ்வளவு என்ற இரண்டையும் மீன் தராசில் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். கரிமீனுக்கும் இதே விதி. உணவுப் பட்டியலில் விலை போடாமல் 'அளவைப் பொறுத்து' என்று எழுதியிருந்தால், மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி விலை பேசிய பிறகே சரி சொல்லுங்கள்.

7. காரில் போகிறவர்களுக்கு

சேலம், அவிநாசி, வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் வழி, சுமார் 400 கிலோமீட்டர். சொந்த வண்டி என்றால் ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம், டிஜிலாக்கரில் இருந்தாலும் போதும். வாடகை வண்டி என்றால் கேரள பர்மிட்டை யார் கட்டுவது என்று ஊரிலேயே பேசி முடியுங்கள், வாளையாற்றில் நின்றுகொண்டு பேசாதீர்கள். கேரளச் சாலைகளில் கேமரா அதிகம், முன்னிருக்கைக்காரர்கள் இருவரும் பெல்ட் போட வேண்டும். ஃபோர்ட் கொச்சித் தெருக்கள் குறுகல், வண்டியைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு நடப்பதுதான் நிம்மதி.

8. செலவும் திரும்புவதும்

நான்கு பேருக்கு, மூன்று இரவு, ரயில், படகு, ஆட்டோ, சாப்பாடு, கதகளி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 14,000 ரூபாய் ஆனது. மிளகும் சுக்கும் வாங்கியது தனி. அதை ஜூ டவுனின் (ஜெப ஆலயம் இருக்கும் யூதர் தெரு) அலங்காரக் கடைகளில் வாங்காமல், பஜார் ரோடு மொத்தக் கடைகளில் விலை கேட்டு வாங்குங்கள்.

திரும்பும் இன்டர்சிட்டி (12678) எறணாகுளத்திலிருந்து காலை ஒன்பது மணி வாக்கில் கிளம்பும். ஃபோர்ட் கொச்சியில் தங்கியிருந்தால் ஏழு மணிக்கே ஜெட்டியில் இருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் அந்த நேரத்தில் அதிகம், பெட்டியோடு ஒரு படகை விட்டால் அடுத்ததற்கு நிற்க வேண்டும். முந்தின இரவே எறணாகுளத்தில் நேந்திரம் சிப்ஸ் வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம், காலையில் பொரிக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். தேங்காயெண்ணெய் வாசம் பிடிக்காத சொந்தக்காரர்களுக்கு வாங்கிவராதீர்கள். மாலை ஐந்து மணி வாக்கில் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அதற்கப்புறம் தாராளமாகப் பஸ் இருக்கிறது.